வேட்டங்குடியில் கூடுகளை எண்ண வெளியூர்த் தன்னார்வலர்கள் வேண்டுமா?

காரைக்குடிக்காரன்:
இந்தப் பருவத்தில் சிவகங்கை மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் வாரம் ஒருநாள் பறவைக் கூடுகளை எண்ண ஆள் சேர்க்கிறேன். வனத்துறையிடம் அனுமதி பெற்றுத்தான் தொடங்குவோம். வர விரும்புவோர் எழுதுங்கள்.

கண்மாய்க்கரை:
வேண்டாம் தம்பி. அரசு 1977இல் சரணாலயம் என்று அறிவித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பறவைகளைக் காப்பது பெயர்ப்பலகை அல்ல, தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். போன பருவத்தில் படம் எடுக்க வந்த நால்வர் தண்ணீரில் இறங்கிக் கருவேல மரத்தடி வரை போனார்கள். நத்தைக்குத்தி நாரைகள் மொத்தமாக எழும்பின. அவை திரும்புவதற்குள் காகம் இரண்டு முட்டைகளைக் கொத்திவிட்டது. கரையில் நின்று கத்தினேன், அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரைக்குடிக்காரன்:
படிக்கவே வயிறு எரிகிறது ஐயா. நாங்கள் கரையை விட்டு இறங்க மாட்டோம். ஒரே இடத்தில் நின்று, அதே மரங்களைப் பைனாகுலரில் பார்ப்போம். எந்தக் கூட்டில் அடை உட்கார்ந்திருக்கிறது, எதில் குஞ்சு தெரிகிறது, எது காலி என்று எழுதுவோம். வந்த பறவைகளை மட்டும் எண்ணினால் போதாது. மழை பொய்த்துக் கண்மாய் சீக்கிரம் வற்றினால் இரை கிடைக்காமல் குஞ்சுகள் கூட்டிலேயே செத்துப்போகும். எச்சம் விழுந்து விழுந்து மரங்களும் பட்டுப்போகின்றன. புதுக் கன்று நடச் சொல்லிக் கேட்க, கையில் கணக்கு வேண்டாமா?

பாம்புத்தாரா:
கணக்கு வேண்டும், உச்சிவெயிலில் மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் தருகிறது. அது மிரண்டு பறந்தால் குஞ்சு வெயில் தாங்காது. ட்ரோன் கூடவே கூடாது.

கண்மாய்க்கரை:
எண்ணுவதைத் தவறென்று சொல்லவில்லை. எண்ண ஏன் வெளியூர் ஆள்? பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அனுபவித்து அறிந்தவர்கள் நாங்கள். நாரையா வக்காவா என்று குரலை வைத்தே எங்கள் பிள்ளைகள் சொல்வார்கள். பைனாகுலரை அவர்களிடம் கொடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
என்னிடம் இரண்டு இருக்கின்றன, தருகிறேன். ஆனால் காலியான கூட்டையும் எழுத வேண்டும் ஐயா. ஊர்ப் பெருமைக்காக அதை விட்டுவிடக் கூடாது.

கண்மாய்க்கரை:
பொய்க்கணக்கு எழுதுவோம் என்று நினைத்தீர்களா? மனம் நோகிறது தம்பி. ஞாயிறு காலை வெயில் ஏறுமுன் கரைக்கு வாருங்கள். காலிக் கூடுகளை என் பேத்தியே காட்டுவாள்.