கவசத் தடிமனை வைத்துப் போர்க்கப்பல்களை ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாக வருகிறது, எங்கே தவறு?

காகிதக்கப்பல்:

வணக்கம். என் 11 வயது மகளுக்காகப் போர்க்கப்பல் சீட்டு விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கப்பல், அதன் பக்கக் கவசத்தின் அதிகபட்சத் தடிமன், பெரிய எண் வைத்திருப்பவர் ஜெயிப்பார், அவ்வளவுதான். நான் போட்ட எண்கள் (எல்லாம் மி.மீ.): குளுவார் 1860 – 120, வாரியர் 1861 – 114, இன்ஃப்ளெக்சிபிள் 1881 – 610, ராயல் சாவரின் 1892 – 457, மெஜஸ்டிக் 1895 – 229, கனோபஸ் 1899 – 152, நெவாடா 1916 – 343, யமாட்டோ 1941 – 410.

நாலு ஆட்டம் முடிவதற்குள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். இன்ஃப்ளெக்சிபிள் யார் கைக்குப் போகிறதோ அவர்தான் ஜெயிக்கிறார். "அப்பா, அந்தக் கப்பலே போதுமே, அப்புறம் எதுக்கு இன்னும் கட்டினாங்க?" என்று கேட்டாள், என்னிடம் பதில் இல்லை. எண்களைத் திரும்பச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருக்கின்றன. ஏழே வருடத்தில் 457-லிருந்து 152-க்கு இறங்கியிருக்கிறார்களே, செலவைக் குறைத்தார்களா? எதைத் தவறவிடுகிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

உலைக்களம்:

எண்கள் சரிதான் சார். ஆனால் நீங்கள் வேறு வேறு உலோகங்களை ஒரே அளவுகோலில் வைத்துவிட்டீர்கள். நான் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் வேலை செய்பவன், கியர் பற்களைக் கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்வதுதான் என் அன்றாட வேலை, அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குளுவார், வாரியர், இன்ஃப்ளெக்சிபிள் மூன்றின் பக்கக் கவசமும் தேனிரும்பு (கார்பன் மிகக் குறைந்த, மென்மையான இரும்பு). ஒருமுறை அருங்காட்சியகத்தில், சோதனைக்காகச் சுட்ட தேனிரும்புத் தகடு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். குண்டு பட்ட இடத்தில் ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி குழி, குழியைச் சுற்றி விளிம்பு எழும்பி நிற்கிறது, பின்பக்கம் புடைத்து நார் நாராகக் கிழிந்திருக்கிறது. அது உடையாது, நெளிந்து கொடுக்கும். வாரியரில் 114 மி.மீ. இரும்புக்குப் பின்னால் 457 மி.மீ. தேக்கு வைத்ததும் இதனால்தான், தகடு வாங்கும் அதிர்ச்சியை மரம் தாங்கிக்கொள்ளும்.

எஃகு இதற்கு நேர்மாறு. கடினம், ஆனால் அடி பட்டால் விரிசல் ஓடிவிடும். 1877 வாக்கில் ஷெஃபீல்டில் எஃகு முகத்தையும் இரும்பு முதுகையும் சேர்த்துக் கூட்டுத் தகடு செய்தார்கள். ராயல் சாவரினின் 457 இந்த வகை. அதன் நோய் என்னவென்றால், நாலு குண்டு பட்டதும் முகம் முதுகைவிட்டுப் பாளம் பாளமாக உரிந்துவிடும், ஏனென்றால் அவை ஒட்டிய இரண்டு உலோகங்கள், ஒன்றல்ல.

இதைத் தீர்த்தவர் ஹார்வி என்ற அமெரிக்கர், 1890-ஐ ஒட்டி. ஒரே எஃகுத் தகட்டின் முகத்தில் கரியை அடைத்து உலையில் இரண்டு மூன்று வாரம் வேகவைத்து, முகத்தில் மட்டும் கார்பனை ஏறவிட்டு, பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர்வித்தார். நாங்கள் சில மணி நேரம் கியருக்குச் செய்யும் அதே வேலை, அவர்கள் பல டன் தகட்டுக்கு வாரக்கணக்கில் செய்திருக்கிறார்கள், நினைத்தாலே கை கூப்பத் தோன்றுகிறது! சில வருடத்தில் ஜெர்மனியின் க்ரூப் ஆலை நிக்கலோடு குரோமியமும் சேர்த்து, கரிக்குப் பதில் வாயுவால் கார்பன் ஏற்றி, கடினமான பகுதி இன்னும் ஆழமாக இறங்கும்படி செய்தது. முகத்தில் குண்டு நொறுங்கும், முதுகு விரிசலைத் தடுத்து நிறுத்தும்.

அன்றைய தோராயமான கணக்கு இது: 15 அங்குலத் தேனிரும்பு செய்யும் வேலையை 12 அங்குலக் கூட்டுத் தகடு செய்யும், ஹார்வியில் 8 அங்குலத்துக்குள் முடியும், க்ரூப்பில் 6 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. மெஜஸ்டிக் ஹார்வி வகை, கனோபஸ் க்ரூப் வகை. கூட்டுத் தகட்டை 1.25 ஆலும், ஹார்வியை 2 ஆலும், க்ரூப்பை 2.6 ஆலும் பெருக்கிப் பாருங்கள்.

காகிதக்கப்பல்:

மிக்க நன்றி சார், இப்படி யாரும் விளக்கியதில்லை. நெவாடா, யமாட்டோ இரண்டுக்கும் க்ரூப் எண்ணையே வைத்துப் பெருக்கினேன். ராயல் சாவரின் 571, மெஜஸ்டிக் 458, கனோபஸ் 395, நெவாடா 892, யமாட்டோ 1066. கடைசி இரண்டும் மேலே வந்துவிட்டன. ஆனால் இன்ஃப்ளெக்சிபிள் 610 இன்னும் கனோபஸை அடிக்கிறதே? 18 வருடம் பழைய கப்பல்!

நீர்மட்டம்:

பெருக்கல் சரி, ஆனால் அந்த 610 எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? முதலில் அது ஒரே தகடு இல்லை. 305 மி.மீ. இரும்பு, பின்னால் தேக்கு, மறுபடி 305 இரும்பு, மறுபடி தேக்கு. பிரித்து வைத்த இரண்டு தகடுகள் அதே மொத்தத் தடிமனுள்ள ஒற்றைத் தகடு அளவுக்குத் தாங்காது. அதுவும் நீர்மட்டத்தை ஒட்டிய வரிசையில்தான் அந்தத் தடிமன்.

இரண்டாவதுதான் முக்கியம். கப்பல் 320 அடி, பக்கக் கவசம் நடுவில் வெறும் 110 அடி. முன்னும் பின்னும் பக்கத்தில் கவசமே கிடையாது. தண்ணீருக்கு அடியில் ஒரு கவசத் தளம் (படுக்கையாகப் போட்ட கவசத் தகடு), அதன்மேல் சின்னச் சின்ன அறைகள், அவற்றில் நிலக்கரியும் தக்கையும் அடைத்திருந்தார்கள். பீரங்கி பெரிதாகப் பெரிதாகத் தகடும் தடிக்க வேண்டியிருந்தது, எடை ஏற ஏற மூடும் இடத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. முனைகள் சிதைந்து தண்ணீர் புகுந்தால் கப்பல் நிமிர்ந்து நிற்குமா என்று எட்வர்ட் ரீட் (பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர்) பகிரங்கமாகக் கேட்டு, 1877-ல் விசாரணைக் குழுவே போட்டார்கள். பிறகு வேகமாகச் சுடும் சின்னப் பீரங்கிகள் வந்தபோது மூடாத பக்கமெல்லாம் ஆபத்தாகிவிட்டது.

க்ரூப் தகட்டின் பயனே இங்கேதான். மெல்லிய தகட்டில் மிச்சமான எடையை வைத்து அதிக இடத்தை மூடலாம். செலவைக் குறைத்தார்களா என்று கேட்டீர்களே, இல்லை. ஆகவே சீட்டில் "எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது" என்று இரண்டாவது எண் வையுங்கள். இன்ஃப்ளெக்சிபிளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

உலைக்களம்:

அருமை, இதை நான் விட்டுவிட்டேன். ஒன்று சேர்க்கிறேன், குண்டும் சும்மா இருக்கவில்லை. கடினமான முகத்தில் பட்டு முனை உடைகிறது என்றதும் முனைமேல் மென்மையான உலோகத் தொப்பி போட்டார்கள். தொப்பி முதல் அடியை வாங்கிக்கொள்ள, முனை உடையாமல் உள்ளே போகும். அதனால் 2.6 எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. விளையாட்டுக்குப் போதும்.

சாய்கோணம்:

நெவாடா, யமாட்டோ பற்றி நான் சொல்கிறேன். சண்டைத் தூரம் கூடியதும் குண்டு பக்கவாட்டில் வராமல் மேலிருந்து விழ ஆரம்பித்தது, அப்போது பக்கத் தடிமன் மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை, தளமும் கணக்கில் வரும். நெவாடாவில் இயந்திரம், வெடிமருந்து அறை, பீரங்கி மாதிரி உயிர்நாடியான இடங்களுக்கு முழுத் தடிமன் கொடுத்து, மற்ற இடத்தை ஏறக்குறைய மூடாமலே விட்டார்கள். கவசம் துளைக்கும் குண்டு மெல்லிய தகட்டில் பட்டால் பல நேரம் வெடிக்காமலே ஊடுருவிப் போய்விடும், நடுத்தரத் தகடு போட்டால்தான் உள்ளே வெடிக்கும். இன்ஃப்ளெக்சிபிளும் நடுவைத்தான் மூடியது என்பீர்கள். ஆனால் மூடிய பகுதி மட்டுமே கப்பலை மிதக்க வைக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது நெவாடாவில் வடிவமைப்பின் அடிப்படை.

யமாட்டோவின் 410 மி.மீ. செங்குத்தாக இல்லை, மேல் விளிம்பு வெளியே தள்ளி 20 டிகிரி சாய்ந்திருக்கும். கிடையாக வரும் குண்டு 436 மி.மீ. கடக்க வேண்டும், 20 டிகிரி சரிவில் விழும் குண்டு 535 மி.மீ. ஒரு புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்து அதன் குறுக்கே பென்சிலை வைத்துக் காட்டுங்கள், பிள்ளைக்கு உடனே புரியும். தளம் சுமார் 200 மி.மீ.

விளையாட்டுக்கு என் யோசனை: கப்பல் சீட்டுக்கு முன்னால் ஒரு "தூரம்" சீட்டு எடுக்கட்டும். கிட்டத்தில் என்றால் பக்க எண், தொலைவில் என்றால் தள எண். கூடவே ஒன்றிரண்டு விமானச் சீட்டும் வையுங்கள். 1945 ஏப்ரல் 7-ல் யமாட்டோவை மூழ்கடித்தவை விமானங்கள் போட்ட டார்பீடோக்களும் குண்டுகளும்தான், டார்பீடோ அந்தக் கவசத்துக்குக் கீழே, தண்ணீருக்கு அடியில் அடிக்கும்.

காகிதக்கப்பல்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு புதுச் சீட்டு வெட்டினோம்: உலோகத்தோடு சேர்த்த பக்க எண், மூடிய அளவு, தள எண், மேலே தூரச் சீட்டும் விமானச் சீட்டும். புத்தகத்தையும் பென்சிலையும் வைத்துக் காட்டியதும் அவளே ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்தாள். மூன்றாவது ஆட்டத்தில் யமாட்டோ அவள் கையில் இருந்தது, நான் விமானச் சீட்டைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணிக்குக் கீழ என்ன போட்டு மூடினாங்க அப்பா?" என்று கேட்டாள். இதற்கும் யாராவது எழுதுங்களேன்.