பூமிக்கடியில் கரியமில வாயுவை அடைத்தால் நிற்குமா?

கோட்டையூரான்:
அனல்மின் நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துப் பாறைக்குள் அடைக்கலாம் என்றாலே, "வெளியே வந்துடும்" என்கிறார்கள். இயற்கை ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறதே! அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் பிராவோ டோம் என்ற நிலத்தடி வாயுத் தேக்கத்தைப் பாருங்கள். 2014-ல் வந்த ஆய்வின்படி, எரிமலையிலிருந்து வந்த சுமார் 130 கோடி டன் கரியமில வாயு அங்கே மணற்பாறைக்குள் புகுந்து 12 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்குதான் உப்புநீரில் கரைந்திருக்கிறது. பெரும்பகுதி இன்னும் வாயுவாகவே, மேல்பாறை மூடியின் கீழ் கிடக்கிறது.

தேவகோட்டை மீனா:
அண்ணே, நம்ம ஊரில் நிற்கிற பெரிய வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் கட்டியது எதுவும் இடியவே இல்லை என்று சொல்லலாமா? இடிந்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வாயு கசிந்து காலியான நிலத்தடித் தேக்கங்களும் அப்படித்தான், கணக்கிலேயே வராது. 1986-ல் கேமரூனில் நியோஸ் ஏரியிலிருந்து கிளம்பிய இதே வாயு ஒரே இரவில் சுமார் 1,700 பேரைக் கொன்றதே?

கோட்டையூரான்:
நியோஸ் வேறு. அங்கே வாயு ஏரியின் அடித்தண்ணீரில் கரைந்து சேர்ந்திருந்தது. மேலே பாறை மூடி இல்லை, தண்ணீர் புரண்டதும் பொங்கிவிட்டது. ஆனால் வீட்டு உதாரணம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் கசிகிற இடங்களையும் ஆராய்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் கிரிஸ்டல் கெய்சர் என்று ஒரு ஊற்று. 1930-களில் எண்ணெய் தேடிப் போட்ட துளை அது. அதன் வழியே வாயு இன்றும் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது. பக்கத்திலேயே பாறைப் பிளவும் ஓடுகிறது.

பள்ளத்தூர் பெரியவர்:
வீட்டுக் கிணற்றில் தூர் வாருமுன் அப்பத்தா அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்வார்கள். பாதி ஆழத்தில் சுடர் சுருங்கி அணைந்தால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனம் தம்பி. கசிந்தால் பள்ளத்தில்தான் போய்த் தங்கும்.

தேவகோட்டை மீனா:
அய்யா சொல்வதுதான் என் பயமும். அப்புறம் வேகம். இயற்கை மெல்ல நிரப்பியதை நாம் சில பத்தாண்டுகளில் அழுத்தி ஏற்றப் போகிறோம். அந்த அழுத்தத்தை மூடி தாங்குமா?

கோட்டையூரான்:
நார்வேயின் ஸ்லெய்ப்னர் என்ற கடல் எரிவாயுத் தளத்தில் 1996-லிருந்து, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை கடலடி மணற்பாறைக்குள் செலுத்தியிருக்கிறார்கள். அதிர்வலை அனுப்பி, வாயு எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள், மூடி தாங்குகிறது.

தேவகோட்டை மீனா:
அது கடலுக்கடியில். ராமநாதபுரம் பக்கம் எரிவாயுவுக்குத் துளை போட்டிருக்கிறார்களே, அங்கே கைவிட்ட துளை எங்கே, எப்படி அடைத்தார்கள் என்ற வரைபடத்தை முதலில் மக்கள் முன் வைக்கட்டும்.

கோட்டையூரான்:
சரி, அதை நானும் கேட்கிறேன். வரைபடம் வராமல் ஒரு டன் கூட இறக்கக் கூடாது.