ரவுனில் மட்னி ஷோ: அம்மா, அப்பாவைத் தனிய அனுப்பலாமா?

நிலாவெளி மகள்:
அம்மாவும் அப்பாவும் பென்ஷன்காரர். அம்மாவுக்கு 66, சீனி வருத்தம், க்ளிக்லசைட் போடுகிறா. அப்பாவுக்கு 71, பிரஷர், கால் வீக்கத்துக்குத் தண்ணிக் குளிசை (ஃபுரோசமைட்), வலது முழங்கால் தேய்வு. வருகிற கிழமை நிலாவெளியிலிருந்து திருகோணமலை ரவுனுக்குப் போய் 2.30 மட்னி பார்க்க ஆசைப்படுகினம். காலையில் கோணேஸ்வரத்துக்கும் போக வேணுமாம். பல்கனியா, கீழேயா? சாப்பாடு, குளிசை நேரங்களை எப்படி வைப்பது?

உவர்மலையான்:
கோயில் என்றால் காலை 9 மணிக்கு முதலே முடியுங்கோ. பிந்தினால் செருப்புக் கழற்றிய பிறகு கல்லுத்தரை சுடும். சீனி வருத்தத்தில் பாதத்து உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும். கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே இருக்கு. கோட்டை வாசலில் இறங்கி நடக்க விடவேண்டாம், அது ஏற்றம். ஓட்டோ மேலே கடைகள் இருக்கிற இடம் வரை போகும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 9.30க்கு இறங்கி வந்தால் படத்துக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் கிடக்கு. களைப்பைக் கொண்டுவருவது படமோ கோயிலோ இல்லை, இந்த இடைநேரம். ரவுனில் ஒரு மணித்தியாலம் சரிந்து படுக்கத் தெரிந்த வீடு இருந்தால் இரண்டையும் வையுங்கோ. இல்லையென்றால் கோயிலை இன்னொரு நாளைக்கு விடுங்கோ.

மருந்துச்சாலை:
தங்கச்சி, தண்ணிக் குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கி ஆறு மணித்தியாலம் மட்டில் நிற்கும். அப்பா காலை 6.30க்குப் போட்டால் 12.30, 1 மணியோடு அதன் வேகம் அடங்கிவிடும், படத்தில் எழும்ப வேண்டி வராது. 10 மணிக்குப் போட்டால் பாதிப் படம் பாத்ரூமில்தான். பயணம் என்று குளிசையை விடக்கூடாது. வழமையான நேரத்தை மாற்றுவதென்றால் கிளினிக்கில் ஒரு சொல் கேளுங்கோ. தண்ணியையும் நிறுத்தவேண்டாம், இந்த வெயிலில் தலைசுற்றுதான் வரும்.

அம்மாவின் க்ளிக்லசைட் போட்டால் சாப்பாடு தவறக்கூடாது. "படம் முடிய வந்து சாப்பிடலாம்" என்ற எண்ணம்தான் ஆபத்து. 12.30க்குச் சோறு முடிந்திருக்க வேணும். சீனி இறங்கினால் வேர்வை, நடுக்கம், படபடப்பு வரும். இருட்டில் பக்கத்தில் இருப்பவருக்கு முகம் தெரியாது. ஏசிக்குள் அம்மாவின் உள்ளங்கை வேர்த்திருந்தால் அதையே அடையாளமாக எடுக்கச் சொல்லி அப்பாவுக்குச் சொல்லி வையுங்கோ. உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ் தண்ணியில் கரைத்துக் குடிக்க வேணும், 15 நிமிடத்தில் குறையாவிட்டால் திரும்பவும் அதே அளவு. பிஸ்கற், சொக்லட் முதல் மருந்தாகாது. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைப் பிந்தப்பண்ணும். சரியான பிறகு பிஸ்கற் சாப்பிடலாம்.

புரொஜெக்டர்:
சனி, ஞாயிறும் புதுப்பட முதல் கிழமையும் வேண்டாம். கூட்டம் இல்லாத நாளில் இருக்கை தெரிந்தெடுக்கலாம். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடைபாதை ஓரமாக, அப்பாவின் வலது கால் நடைபாதைப் பக்கம் நீட்டக்கூடிய மாதிரி. பக்கச் சுவர் ஸ்பீக்கருக்கு நேரே இருக்கக்கூடாது. உட்கார முதல் மேலே பார்த்து, ஏசி வாய் தலைக்கு நேரே இல்லையென்று பார்க்க வேணும். சால்வை கட்டாயம்.

2.10க்கே உள்ளே போகட்டும். வெயிலிலிருந்து வந்த வயதான கண்ணுக்கு இருட்டுப் பழக நிறைய நேரம் எடுக்கும், விழுவது பெரும்பாலும் லைட் அணைந்த பிறகு வருபவர்தான். படிகள் வசதியென்றால் பல்கனி நல்லது, முன்னால் தலை மறைக்காது.

உவர்மலையான்:
பல்கனி சரிவராது, ஐயா. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். படம் முடிய சனம் பின்னால் தள்ளும், அப்போதுதான் இறங்க வேண்டியிருக்கும். கீழேயே எடுங்கோ. பல்கனி மட்டும்தான் கிடைக்குமென்றால் தியேட்டருக்கு முதல் நாள் கோல் எடுத்துக் கேளுங்கோ: எத்தனை படி, கைபிடி இருக்கா, பாத்ரூம் எந்த மாடியில். ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நோகிற கால் முதல்.

புரொஜெக்டர்:
அது சரி, முழங்கால் இருக்கிறபடியால் கீழேதான். ஒன்று விட்டுப்போச்சு. இன்டர்வெல்லில் லைட் வந்தவுடன் எழும்பக்கூடாது. முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைப் பத்துத் தரம் தூக்கி இறக்கிவிட்டு எழும்பி, ஒரு நிமிடம் நின்றுதான் நடக்க வேணும். பிரஷர் குளிசை போடுபவருக்குத் திடீரென்று எழும்பினால் தலை கிறுகிறுக்கும். படம் முடிந்தாலும் அப்படித்தான், சனம் கலையும்வரை இருக்கட்டும்.

நிலாவெளி மகள்:
பெரிய உதவி. கோயிலை விட்டுவிடுகிறோம், கீழ் டிக்கற்தான். படம் முடிய நேரே பஸ் ஸ்டாண்டா?

உவர்மலையான்:
5.30 மட்டில் பஸ் நெரியும். ஓட்டோவில் டச்சு பே கடற்கரைக்குப் போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வரட்டும், மான்களும் அங்காலே திரியும். அது கிழக்குக் கடல், சூரியன் இறங்குவது தெரியாது. ஆனால் பௌர்ணமிக்கு முதல் நாள் போனால் வெளிச்சம் இருக்கும்போதே நிலவு கடலுக்கு மேலே வந்திருக்கும். அம்மாவின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முதல் வீடு சேர ஓட்டோவை முதலே பேசி வையுங்கோ.