துரிசும் கத்தியும்

குழு: மேட்டு வீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு, மாலை 6:12

கம்பம் மாமா: எல்லாருக்கும் வணக்கம். மருமகள் தேனு விஷயமாக எர்ணாகுளத்தில் ஒரு கன்சல்டன்சியில் பேசிவிட்டேன். வெளிநாட்டில் பிஎச்டி, 100 சதவீத ஸ்காலர்ஷிப், கேரண்டி என்கிறார்கள். 1,80,000 ரூபாய். முதலில் பாதி கட்டினால் போதுமாம்.

அம்மா: அண்ணே, அவ்வளவு பணமா?

கம்பம் மாமா: படிப்பே இலவசம் என்னும்போது இது என்ன பெரிய பணம்? மாப்பிள்ளை, இந்த எடுப்பில் பறித்த ஏலக்காயை விற்றால் வந்துவிடாதா?

அப்பா: மச்சான், அழுகல் போக மிச்சம் இருந்ததை இப்போதுதான் காயவைக்கும் ஸ்டோரில் ஏற்றினேன். 5 கிலோ பச்சைக்காய் காய்ந்தால் 1 கிலோ நிற்கும். இன்னும் காயவே இல்லை, நீங்கள் விற்றே விட்டீர்கள்.

சரசு அத்தை: 😂😂

கதிர் அண்ணன்: மாமா, தயவுசெய்து எதுவும் கட்டிவிடாதீர்கள். அடுப்பில் சாம்பார் இருக்கிறது. 10 நிமிடத்தில் எழுதுகிறேன்.

பெரியம்மா: ஜெர்மனியிலும் சாம்பாரா? பருப்பு கிடைக்கிறதா கதிரு?

கதிர் அண்ணன்: கிடைக்கிறது அம்மா. முருங்கைக்காய்தான் தங்கம் விலை.

மாலை 6:31

கதிர் அண்ணன்: சரி, வந்துவிட்டேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

பிஎச்டிக்கு "ஸ்காலர்ஷிப்" என்ற பெயரில் மட்டும் தேடினால் பாதிதான் கண்ணில் படும். நான் இங்கே வாங்குவது உதவித்தொகை இல்லை, சம்பளம். ஜெர்மனியில் நிறையப் பேரைப் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுப்பதுபோலத்தான் எடுக்கும். இ13 என்று ஒரு சம்பள நிலை உண்டு. அதில் பாதி, அல்லது 65 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் போடுவார்கள். வேலை மட்டும் முழு நாளும் இருக்கும், அது வேறு கதை. நெதர்லாந்திலும் இப்படித்தான், பெரும்பாலும் 4 வருட ஒப்பந்தம். அதனால் அந்தப் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேட வேண்டும் தேனு. அங்கே ஆசிரியர் வேலை, கிளார்க் வேலைக்கு நடுவில் பிஎச்டி இடமும் கிடக்கும்.

அமெரிக்கா வேறு மாதிரி. அங்கே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிறைய இடங்களில் டிசம்பர் முதல் 15 நாளுக்குள் கடைசித் தேதி. எடுத்துக்கொண்டால் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வகத்தில் வேலை செய்வதற்கோ மாதாமாதம் பணம் தருவார்கள். வருகிறேன், வரவில்லை என்று சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு.

மேரி கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பிஎச்டி நிதித் திட்டம் நடத்துகிறது. எந்த நாட்டுக்காரரும் போடலாம். ஆனால் எந்த நாட்டில் சேர்கிறோமோ அங்கே கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நம் தேனு குமுளியைத் தாண்டியதே மதுரை வரைதான், அதனால் கவலை இல்லை.

கம்பம் மாமா: ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று சொல்கிறார்களே?

கதிர் அண்ணன்: அதில் முனைவர் ஆராய்ச்சிக்கு இருப்பது, இந்தியாவில் ஏற்கெனவே பிஎச்டி பதிவு செய்தவர்கள் 6 முதல் 9 மாதம் அமெரிக்கா போய்வருவதற்கு. முழுப் படிப்புக்கு இல்லை மாமா.

கம்பம் மாமா: அப்படியென்றால் இந்த எர்ணாகுளத்துக்காரன் என்னதான் செய்வான்?

கதிர் அண்ணன்: படிவம் நிரப்பித் தருவான். ஆளை எடுப்பது அங்கே இருக்கும் பேராசிரியர். அவர் கையில் இருக்கும் இடத்துக்கு எர்ணாகுளத்தில் இருந்து எப்படி கேரண்டி கொடுப்பது?

கம்பம் மாமா: சரி சரி. நல்ல வேளை, கட்டவில்லை.

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு அத்தை: மதினி, என்ன போட்டு எடுத்தீர்கள்?

அம்மா: ஒன்றுமில்லை. 4 வருடமா என்று கேட்டேன்.

மாலை 7:05

சரசு அத்தை: கதிரு, எங்கள் வண்டிப்பெரியாறு எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒரு பையன் இருக்கிறான். எம்எஸ்சி முடித்துவிட்டான். அவனுக்கும் ஏதாவது வழி உண்டா?

கதிர் அண்ணன்: அத்தை, அவன் எஸ்சி பிரிவு என்றால் மத்திய அரசின் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் உண்டு. வருடத்துக்கு 125 இடம். நிலமில்லாத விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் அதில் சில இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள்.

சரசு அத்தை: எஸ்சிதான். ஆனால் சான்றிதழ்தான் அவனுக்குப் பெரிய தலைவலி. 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று வில்லேஜ் ஆபீசில் கேட்கிறார்களாம். தாத்தா தேனிப் பக்கம் இருந்து வந்தவர். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம் போ என்கிறார்கள், அந்தப் பக்கம் போனால் நீ கேரளாக்காரன் என்கிறார்கள்.

அப்பா: அந்தக் காலத்து எஸ்டேட் செக்ரோல், அதாவது ஆள் வருகை நோட்டில் தாத்தா பெயர் இருக்கும். பழைய கங்காணி வீட்டில் கேட்கச் சொல். என் ரேஷன் கார்டுக்கு அப்படித்தான் நான் ஓடினேன்.

சரசு அத்தை: சொல்கிறேன் அண்ணே. எண்ணை இங்கே போட வேண்டாம், கதிருக்குத் தனியாக அனுப்புகிறேன்.

மாலை 7:20

நான்: அண்ணா, ஒரு பேராசிரியருக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கிலீஷில்தான் எழுதினேன். அப்பாவும் படிக்கட்டும் என்று தமிழில் போடுகிறேன். சிரிக்கக் கூடாது.

நான்: "மதிப்பிற்குரிய ஐயா, நான் சிறு வயதிலிருந்தே தாவரங்கள் மீது தீராத ஆர்வம் கொண்டவள். உலகப் புகழ்பெற்ற தங்கள் ஆய்வகத்தில் தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆராய்ச்சி செய்ய ஒரு நல்வாய்ப்பு அளித்தால் என்றென்றும் நன்றியுடையவளாக இருப்பேன்."

பெரியம்மா: அழகாக இருக்கிறது ஆத்தா 👏

கதிர் அண்ணன்: தேனு, முதல் விஷயம். இவர் ஐயா இல்லை, அம்மா. ஆய்வகப் பக்கத்தில் படம் இருக்கிறது, பார்.

நான்: அய்யோ

கதிர் அண்ணன்: இரண்டாவது, இதை ரோஜாவை ஆராய்பவருக்கும் அனுப்பலாம், ராக்கெட்டை ஆராய்பவருக்கும் அனுப்பலாம். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை வரும் தெரியுமா? என் பேராசிரியர் முதல் வரியிலேயே அழித்துவிடுவார். நீ எம்எஸ்சியில் என்ன செய்தாய்? அதைச் சொல். பெரிய வார்த்தை வேண்டாம்.

நான்: ஏல அழுகல்தான். நம் தோட்டத்தில் இருந்து அழுகிய காய் எடுத்து, அதில் இருக்கும் ஃபைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தேன்.

அப்பா: அது பூஞ்சாணம் தானே?

நான்: பார்க்கப் பூஞ்சாணம் மாதிரி இருக்கும் அப்பா, பூஞ்சாணம் இல்லை. பழுப்புநிறக் கடல்பாசிக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதன் வித்துகளுக்கு வால் மாதிரி இரண்டு உண்டு, தண்ணீரில் நீந்தும். அதனால்தான் விடாமல் மழை பெய்தால் அப்படிப் பரவுகிறது.

கதிர் அண்ணன்: சித்தப்பா, 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு முழுக்க அழுகிப் பெரிய பஞ்சம் வந்ததே, அதுவும் இதே குலம்தான். இனம் வேறு. நெதர்லாந்தில் வாகனிங்கன் என்ற ஊரில் இருக்கும் விவசாயப் பல்கலைக்கழகத்தில் அந்த உருளைக்கிழங்கு நோயைப் பல வருடமாக ஆராய்கிறார்கள்.

அப்பா: அப்படியென்றால் நம் அழுகல் உலகத்துக்கே தெரிந்த அழுகல் என்று சொல்.

கதிர் அண்ணன்: குலம் தெரியும் சித்தப்பா. ஏலக்காயில் அது என்ன செய்கிறது என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தேனுவுக்குத் தெரியும். அதைத்தான் எழுதச் சொல்கிறேன். தேனு, தோட்டத்தில் உனக்குப் புரியாமல் இருப்பது எது?

நான்: மேல் பக்கம், ஓடைப் பக்கம் இரண்டுக்கும் அப்பா ஒரே நாளில் ஒரே மருந்துதான் அடிக்கிறார். மேலே நிற்கிறது. ஓடைப் பக்கம் மட்டும் வருடா வருடம் திரும்ப வருகிறது. வடிகால் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே இனம்தானா, அடிக்கிற துரிசு, அதாவது காப்பர் சல்பேட், அதற்குப் பழகிப்போனதா என்று பார்க்க எங்கள் காலேஜில் வசதி இல்லை.

கதிர் அண்ணன்: இதுதான் மெயில். வேறு ஒன்றும் வேண்டாம்.

அப்பா: 🎤 குரல் பதிவு 1:48

கம்பம் மாமா: ஜீப்பில் இருக்கிறேன், சத்தம் கேட்கவில்லை. யாராவது எழுதிப் போடுங்கள்.

நான்: அப்பா சொன்னது: "மருந்து சரியில்லை என்று சொல்ல முடியாது. 1 கிலோ துரிசு 50 லிட்டரில், 1 கிலோ சுண்ணாம்பு 50 லிட்டரில். துரிசுத் தண்ணீரைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கலக்கியபின் பளபளவென்று தீட்டிய கத்தியை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைப்பேன். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் சுண்ணாம்பு போடுவேன். ஏறவில்லை என்றால்தான் டேங்கில் ஊற்றுவேன். இல்லாவிட்டால் இலை கருகும். 30 வருடமாக இந்தக் கத்திதான்."

கதிர் அண்ணன்: தேனு, அந்தக் கத்தி ஏன் சிவக்கிறது என்று உனக்குத் தெரியும்தானே?

நான்: சுண்ணாம்பு போதாவிட்டால் செம்பு கரைந்த நிலையிலேயே இருக்கும். இரும்பு பட்டால் அதன் மேல் படியும். சுண்ணாம்பு சேர்த்தால் செம்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும்.

கதிர் அண்ணன்: சித்தப்பா செய்வதும் நீ சொல்வதும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுது. மொத்தம் 12 வரி. கடைசியில் "உங்கள் ஆய்வகத்தில் இந்த வருடம் அல்லது அடுத்த வருடம் சம்பளத்தோடு பிஎச்டி இடம் வருமா?" என்று நேராகக் கேள். பணத்தைக் கேட்பதில் அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

அம்மா: கத்தியைப் பற்றியெல்லாம் எழுதினால் ஏதாவது நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

கதிர் அண்ணன்: நினைக்கட்டும் சித்தி. நினைவில் நின்றால் போதும்.

இரவு 8:40

நான்: பரிந்துரைக் கடிதத்துக்கு எங்கள் துறையில் ஒருவரைக் கேட்டேன். நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

கதிர் அண்ணன்: இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் கடிதத்தை நீ அனுப்ப முடியாது. அவருக்கே நேராக லிங்க் போகும், அவர்தான் ஏற்ற வேண்டும். காலேஜ் மெயிலில் இருந்து அனுப்பச் சொல். ஜிமெயிலில் இருந்து வந்தால் சில இடத்தில் சந்தேகப்படுவார்கள். 3 பேர் வேண்டும். உன்னை ஆய்வகத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருவர் கட்டாயம்.

நான்: ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வு?

கதிர் அண்ணன்: 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும். சில இடங்களில் இங்கிலீஷில் படித்ததற்கு உன் காலேஜ் கொடுக்கும் கடிதமே போதும். எந்த இடம் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கட்டு. அமெரிக்காவில் விண்ணப்பக் கட்டணமும் சேரும். கேட்டால் தள்ளுபடி செய்யும் துறைகள் உண்டு, மெயில் போட்டுக் கேள்.

கதிர் அண்ணன்: இன்னொன்று. பாஸ்போர்ட்டில் உன் பெயர் எப்படி இருக்கிறது?

நான்: தேன்மொழி. குடும்பப் பெயர் இடம் காலி. சர்டிபிகேட்டில் மட்டும் இனிஷியல் உண்டு.

கதிர் அண்ணன்: முதலில் அதை மாற்று. என்னோடு படித்த ஒருவன் இப்படியே அமெரிக்கா போனான். விசாவில் இருந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று போட்டுவிட்டார்கள். "முதல் பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம். பாங்கில் அவனை மிஸ்டர் எஃப்என்யூ என்று கூப்பிடுகிறார்களாம்.

சரசு அத்தை: 😂 தேனுவுக்கு அப்பா பெயரையே போட்டுவிடு அண்ணே. பாண்டியன் ஜெர்மனி போகட்டும்.

அப்பா: நான் குமுளி பஸ் ஸ்டாண்டைத் தாண்ட மாட்டேன். பெயர் மட்டும் போகட்டும்.

இரவு 10:52

நான்: அனுப்பிவிட்டேன். 11 வரி வந்தது. கரண்ட் போய்விட்டது, மொபைல் டேட்டாவில் அனுப்பினேன்.

கதிர் அண்ணன்: கத்தி?

நான்: 4ஆவது வரியில்.

புதன், பிற்பகல் 2:17

நான்: அண்ணா!! பதில் வந்திருக்கிறது.

நான்: "உங்கள் மெயிலுக்கு நன்றி. இப்போது என்னிடம் பணம் இல்லை. ஜனவரியில் ஒரு இடம் விளம்பரம் வரும் என்று எதிர்பார்க்கிறேன், அப்போது முறைப்படி விண்ணப்பியுங்கள். அந்த ஓடைப் பக்க மாதிரிகளை இன்னும் வைத்திருக்கிறீர்களா?"

கம்பம் மாமா: கிடைத்துவிட்டதா மருமகளே?? ஸ்வீட் வாங்கவா?

கதிர் அண்ணன்: இல்லை மாமா. ஜனவரியில் இன்னும் பல பேரோடு சேர்ந்து போட வேண்டும். அதற்குள் தேனு இன்னும் 7 பேராசிரியர்களுக்கு எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நகல் இல்லாமல்.

கம்பம் மாமா: அப்போது ஸ்வீட்?

கதிர் அண்ணன்: கால் கிலோ வாங்குங்கள்.

அப்பா: மாதிரியை வைத்திருக்கிறாயா என்று ஏன் கேட்கிறார்?

நான்: பார்க்க ஆசையாக இருக்கும் அப்பா. ஆனால் காலேஜ் ஃபிரிட்ஜில் வைத்தது போன மாதம் கரண்ட் போனதில் பாதி கெட்டுவிட்டது.

அப்பா: இந்த மழைக்கு ஓடைப் பக்கம் திரும்ப வந்திருக்கிறது. நாளைக்கு விடிந்ததும் போகலாம். அட்டை இருக்கும், உப்பு எடுத்துக்கொள்.

அம்மா: போகிறவர்கள் அப்படியே அந்தச் சரத்தில் நல்ல காயையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நாளைக்கு ஆள் 2 பேர்தான் வருகிறார்கள்.