தலைவலி வரும்போது ஒரு பக்கக் கண்ணில் மட்டும் நீர் வடிவது ஏன்?

நீர்க்கோடு: அவசரமாகக் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் தலை வலிக்கும்போதெல்லாம் வலக்கண்ணில் மட்டும் நீர் கொட்டுகிறது, மூக்கும் அந்தப் பக்கமே அடைத்துக்கொள்கிறது. தலையணையில் ஒரு பாதி நனைந்திருக்கும், மறுபாதி காய்ந்தே கிடக்கும். சைனஸ் என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், குறையவில்லை. ஸ்கேனில் சைனஸ் அறைகள் தெளிவாக உள்ளன. தலை வலித்தால் கண்ணும் மூக்கும் ஏன் ஒழுக வேண்டும்?

தாழ்வாரம்: வலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை முறை வருகிறது, அப்போது அசையாமல் படுக்கத் தோன்றுகிறதா, இருப்புக்கொள்ளாமல் நடக்கத் தோன்றுகிறதா? இவற்றைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

இரவுநடை: இது கொத்துத் தலைவலியேதான் (cluster headache; ஒரு பக்கக் கண்ணைச் சுற்றிக் கடுமையாக வந்து வந்து போவது). எனக்கும் இப்படித்தான் கண் சிவந்து நீர் வடியும், இமை சரியும், வலி தாங்காமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பேன். மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி நிமிடத்துக்கு 12 லிட்டர் தூய ஆக்சிஜனை முகமூடி வழியே இழுத்தால் கால் மணி நேரத்தில் அடங்கிவிடும்.

பழஞ்சுவடி: இக்கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியிருக்கிறேன்; தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். நெற்றி, கண், மூளையுறை ஆகியவற்றின் வலியைச் சுமப்பது முகத்தின் உணர்வு நரம்பான முக்கிளை நரம்பின் முதற்கிளை. அந்தச் செய்தி மூளைத்தண்டை அடைந்ததும் அங்குள்ள மேல் உமிழ்நீர்க் கரு என்னும் நரம்பணுத் திரள் தூண்டப்பட்டு, முகநரம்பின் வழியாகப் புறப்படும் பாராசிம்பதெடிக் இழைகள் (நம் விருப்பமின்றியே சுரப்பிகளை இயக்குபவை) மூக்கின் பின்புறமுள்ள ஸ்பீனோபாலடைன் நரம்பு முடிச்சில் இணைப்பு மாறி, கண்ணீர்ச் சுரப்பியையும் மூக்குச் சவ்வையும் மூளையுறை இரத்தக் குழாய்களையும் சென்றடைகின்றன. கண்ணில் தூசி விழுந்தால் நீர் வருவதும் இதே அனிச்சைச் செயலால்தான். இரவுநடை குறிப்பிட்ட இமைச் சரிவு மட்டும் இதில் சேராது. அது பாராசிம்பதெடிக்கின் எதிரிணையான பரிவு நரம்பு (சிம்பதெடிக்) தளர்வதன் விளைவு.

தாழ்வாரம்: விளக்கம் சரி, தொனிதான் தேவையில்லை. கண்ணீரை மட்டும் வைத்துக் கொத்துத் தலைவலி என்று முடிவு கட்டவும் கூடாது; மைக்ரேனிலும் இது வெகு சாதாரணம். தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. இத்தனை பேர் மூக்கிற்கு மருந்து தேடி அலைந்திருக்கிறார்கள் என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

அலைவரிசை: ஆனால் பாராசிம்பதெடிக் நரம்புக்கு வலியில் பங்கே இல்லை, அது வெறும் பின்விளைவு. அந்நரம்பு சுரக்கும் விஐபி என்னும் பெப்டைடை (சிறு புரதத் துண்டு) மைக்ரேன் நோயாளிகளுக்கு சற்று நேரம் மட்டும் செலுத்திப் பார்த்தார்கள். குழாய்கள் விரிந்தன, மைக்ரேன் வரவில்லை.

பழஞ்சுவடி: அது பழைய செய்தி. டென்மார்க்கில் அதே பெப்டைடை இரண்டு மணி நேரம் செலுத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில் 21 பேரில் 15 பேருக்கு மைக்ரேன் வந்தது.

அலைவரிசை: அப்படியானால் நீடித்த விரிவுதான் காரணம் என்றாகிறது, நரம்பு முதலா குழாய் முதலா என்பது அதில் தீரவில்லையே.

தாழ்வாரம்: முதல் எது என்பதைவிட, இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதே முக்கியம். உணர்வு நரம்பு முனைகள் சிஜிஆர்பி என்னும் இன்னொரு பெப்டைடைச் சுரக்கின்றன. பாராசிம்பதெடிக் முனைகள் விஐபி, நைட்ரிக் ஆக்சைடு முதலியவற்றைச் சுரந்து மூளையுறையில் உள்ள அதே உணர்வு முனைகளை மேலும் கூர்மையாக்கக்கூடும். ஸ்பீனோபாலடைன் முடிச்சை மரக்கச் செய்யும்போது சிலருக்கு வலியே தணிவது அதனால்தான் என்று கருதுகிறேன். நீர்க்கோடு, கேட்டதற்கு விடை சொல்லுங்கள். திடீரென இடிபோல் வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ இங்கே காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீர்க்கோடு: தாமதத்துக்கு மன்னியுங்கள், நேற்றும் வந்தது. ஏழு மணி நேரம் நீடித்தது, குமட்டல் இருந்தது, நடக்கவே முடியாமல் விளக்கை அணைத்துப் படுத்திருந்தேன், இமை சரியவில்லை. நரம்பியல் மருத்துவரிடம் வியாழனன்று நேரம் கிடைத்திருக்கிறது.