பொன்டெடேராவில் பார்த்த முதல் வெஸ்பா

பீசாவுக்குப் போகிறவர்கள் சாய்ந்த கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். ரயிலேறினால் அரை மணிக்குள் பொன்டெடேரா. வெஸ்பா ஸ்கூட்டர் செய்யும் பியாஜியோ ஆலையின் பழைய கருவிப் பட்டறையை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். போருக்கு முன்பும் போரின்போதும் அங்கே விமானம் கட்டினார்கள். குண்டுவீச்சில் ஆலை சிதைந்தது. போர் முடிந்ததும் விமானம் வாங்க ஆளில்லை. மலிவான வண்டிக்கு இருந்தார்கள்.

நான் அதிக நேரம் நின்றது 1946-இன் வெஸ்பா 98 முன்னால்தான். முகப்பு விளக்கு ஹேண்டில்பாரில் இல்லை, மட்கார்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் முன்சக்கரத்தை ஒரே பக்கத்தில்தான் பிடித்திருக்கிறார்கள். பைக்கில் உள்ளதுபோல இருபக்க ஃபோர்க் கிடையாது. வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்த பொறியாளர். விமானச் சக்கரத்தை மாட்டுகிற முறையையே இதற்கும் எடுத்துக்கொண்டார். பஞ்சரானால் நட்டுகளைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிவிடலாம், அச்சைத் தொடவே வேண்டாம்.

அந்த மனிதருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. செயின் எண்ணெய் உடுப்பில் படும், காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டும், டயர் மாற்றுவது பெரும்பாடு. சரி, எஞ்சினைப் பின்சக்கரத்தோடு சேர்த்து வைத்தார். செயினுக்கு வேலை போயிற்று. தகட்டு உடலையே சட்டமாக்கினார். கால் வைக்கும் இடம் திறந்துகொண்டது. இதற்கு முந்தைய மாதிரி பாப்பரினோவும் அங்கே நிற்கிறது. அதில் கால்களுக்கு நடுவே ஒரு மேடு. புடவையோ பாவாடையோ கட்டியவர் ஏறவே முடியாது. இரண்டையும் பார்த்தபிறகுதான் அவர் செய்தது புரிந்தது.

கிளட்சும் கியரும் இடது கைக்கே. அந்தப் பிடியைத் திருகும்போது வரும் 'டக்'கை, பஜாஜ் சேடக் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பஜாஜ் முதலில் வெஸ்பாவை உரிமம் பெற்றுத்தான் தயாரித்தது.

குறை இல்லாமல் இல்லை. எஞ்சின் வலப்பக்கம் தொங்குவதால் வண்டி அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். 1947-இல் மிலானிலிருந்து வந்த லாம்ப்ரெட்டா ஸ்கூட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைத் தயாரித்த இன்னொச்சென்டி இரும்புக் குழாய் செய்த நிறுவனம், குழாய்ச் சட்டம் அமைத்து எஞ்சினை நடுவில் வைத்துவிட்டது. அழகுக்கு வெஸ்பா, நிதானத்துக்கு லாம்ப்ரெட்டா என்பது என் கட்சி. 1970-களில் அதன் தயாரிப்பு இயந்திரங்களே லக்னோவுக்கு வந்து, அப்புறம் அங்கிருந்து விஜய் சூப்பர் ஸ்கூட்டர் வந்தது.

விஜய் சூப்பரும் சேடக்கும் இரண்டுமே ஓட்டியவர்கள் இங்கே இருந்தால், ஈரச் சாலை வளைவில் எது கைக்கு அடங்கியது என்று எழுதுங்கள்.