கிரேடில் கான்ஃபிகரேஷன் கேஷ்: லோக்கல்ல வேலை செய்யுது, சிஐ-யில ஒரு தடவை கூட கிடைக்கல

கேள்வி

ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட், 30-க்கு மேல மாட்யூல், பில்ட் டூல் கிரேடில் 8.14. கிரேடில் ப்ராப்பர்டீஸ் ஃபைல்ல கான்ஃபிகரேஷன் கேஷை (கான்ஃபிகரேஷன் கட்டத்தோட முடிவைச் சேமிச்சு வச்சு அடுத்த பில்டுல பயன்படுத்துறது) ஆன் பண்ணியாச்சு. லோக்கல்ல ரெண்டாவது பில்டுலயே "ரீயூசிங் கான்ஃபிகரேஷன் கேஷ்"னு வருது. ஆனா ஒரு கமிட் போட்டா மறுபடி முதல்லேர்ந்து ஓடுது. சிஐ-யில (தானா பில்ட் ஓட்டுற சர்வர்) கேஷ் கிடைக்கவே இல்ல. வெர்ஷன் கோடை கிட் கமிட் எண்ணிக்கையிலேர்ந்து எடுக்கிறோம், பில்ட் நம்பரை என்விரான்மென்ட் வேரியபிள்லேர்ந்து. எங்க தப்பு? கூடவே இன்னொண்ணு: எமுலேட்டர் டெஸ்ட்டை கிரேடில் மேனேஜ்டு டிவைஸுக்கு (எமுலேட்டரை கிரேடிலே உருவாக்கி நடத்துறது) மாத்தினா பலன் இருக்குமா?

பதில் 1

பில்ட் லாக்கோட முதல் சில வரியைப் படிங்க. கேஷை ஏன் எடுக்கலைன்னு கிரேடில் அங்கேயே சொல்லிடும்: எந்த வேரியபிள் மாறிச்சு, எந்த ஃபைல் மாறிச்சுன்னு பேரோட இருக்கும்.

கான்ஃபிகரேஷன் கட்டத்துல நீங்க படிக்கிற ஒவ்வொரு மதிப்பும் கேஷோட இன்புட் ஆயிடும். கமிட் எண்ணிக்கையை அங்கேயே "கெட்" போட்டு எடுத்தா, கமிட்டுக்கு கமிட் இன்புட் மாறும், கேஷும் போகும். பில்ட் நம்பரும் அதே கதைதான். சிஐ-யில அது ஒவ்வொரு ரன்னுக்கும் மாறுது.

டீபக் பில்டுக்கு வெர்ஷன் கோடை 1-ன்னு நிலையா வச்சிடுங்க. ரிலீஸுக்கு மட்டும் ஆண்ட்ராய்டு காம்போனன்ட்ஸ் பிளாக்ல ஆன்வேரியன்ட்ஸ் உள்ள, அவுட்புட்டோட வெர்ஷன் கோடுக்கு ப்ரொவைடரை (மதிப்பைத் தேவைப்படும்போதுதான் கணக்கிடுறது) அப்படியே "செட்" பண்ணுங்க. "கெட்" கூப்பிடாதீங்க. டாஸ்க் ஓடும்போது மதிப்பு எடுக்கப்பட்டா அது கேஷைத் தொடாது. ஒண்ணு கவனிங்க: போன்ல ஏற்கெனவே பெரிய வெர்ஷன் கோடு உள்ள டீபக் ஆப் இருந்தா, டவுன்கிரேடுன்னு சொல்லி இன்ஸ்டால் மறுக்கும். ஒரு தடவை அன்இன்ஸ்டால் பண்ணினா போதும்.

இதைவிட மோசமானது, பில்ட் எப்ப நடந்ததுன்னு ஆப்புக்குள்ள பதியுற நேரம். பில்ட் கான்ஃபிக்ல தற்போதைய நேரத்தைப் போட்டிருந்தா கேஷ் உடையாது. பழைய நேரம் கேஷுக்குள்ள உறைஞ்சிடும், அடுத்தடுத்த பில்டுலயும் அதுவே வரும். எரர் எதுவும் வராததால யாரும் கவனிக்க மாட்டாங்க. முதல்ல இதைத் தேடி எடுத்துடுங்க.

பதில் 2

சிஐ-க்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கேஷ், ப்ராஜெக்ட் ரூட்ல இருக்கிற புள்ளி-கிரேடில் ஃபோல்டருக்குள் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு ரன்னும் புது மெஷின் என்றால் அந்த ஃபோல்டரே இருக்காது. அதை வெறுமனே எடுத்து வைத்தாலும் பயனில்லை. உள்ளடக்கம் என்கிரிப்ட் ஆகியிருக்கும், சாவி வேறு இடத்தில் இருக்கும். 16 பைட் ரேண்டம் சாவி ஒன்றை பேஸ்64-ல் உருவாக்கி சீக்ரெட்டாக வையுங்கள். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்றால் செட்டப்-கிரேடில் ஆக்‌ஷனின் கேஷ் என்கிரிப்ஷன் கீ இன்புட்டில் அதைக் கொடுக்க வேண்டும். அந்த ஆக்‌ஷன் இயல்பாக டீஃபால்ட் பிராஞ்சில் மட்டுமே கேஷை எழுதும், மற்ற பிராஞ்சுகள் படிக்க மட்டும் செய்யும். ஆகவே புது பிராஞ்சில் சோதித்துவிட்டு "சேமிக்கவே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

டாஸ்க் பெயர்கள் மாறினாலும் தனி என்ட்ரிதான். அசெம்பிள் டீபக்குக்குச் சேமித்தது யூனிட் டெஸ்ட் ரன்னுக்கு உதவாது.

கேட்டவர்

நன்றி. லாக்ல பில்ட் நம்பர் பேர்தான் இருந்துச்சு, ரெண்டையும் மாத்தினதும் லோக்கல்ல கமிட்டுக்கு அப்புறமும் கேஷ் நிக்குது. ஆனா இப்ப சில சமயம், நாங்களே எழுதின கோட் ஜெனரேட்டர் டாஸ்க்கோட ஃபைல் இல்லைன்னு கம்பைல் உடையுது. மறுபடி ஓட்டினா சரியாகுது.

பதில் 3

அது கேஷ் உண்டாக்கின பிழை இல்ல, மறைஞ்சிருந்த பிழை வெளிய வந்திருக்கு. கான்ஃபிகரேஷன் கேஷ் ஆன்ல இருந்தா ஒரே மாட்யூலுக்குள்ள இருக்கிற டாஸ்க்குகளும் பேரலலா ஓடும். முன்னாடி தற்செயலா ஜெனரேட்டர் முதல்ல ஓடிட்டு இருந்தது. இப்ப கம்பைல் அதை முந்திடுது. டிபென்ட்ஸ்-ஆன் ஒட்டுப்போடாம, ஜெனரேட்டரோட அவுட்புட் டைரக்டரியை டைரக்டரி ப்ராப்பர்டியா அறிவிச்சு, வேரியன்ட்டோட சோர்ஸஸ்ல ஜெனரேட்டட் டைரக்டரியா சேருங்க. வரிசையை கிரேடில் தானே பிடிச்சுக்கும். டாஸ்க் ஓடும்போது ப்ராஜெக்ட் ஆப்ஜெக்ட்டைத் தொடுற கோடு இருந்தா அதையும் எடுங்க. காப்பி, டெலீட்டுக்கு ஃபைல் சிஸ்டம் ஆபரேஷன்ஸை இன்ஜெக்ட் பண்ணிக்கலாம்.

பதில் 4

மேனேஜ்டு டிவைஸ் பற்றி: மாற்றலாம். சிஸ்டம் இமேஜ் சோர்ஸாக ஏஓஎஸ்பி-ஏடிடி (டெஸ்ட்டுக்கென்றே குறைத்த ஆண்ட்ராய்டு இமேஜ்) கொடுங்கள், ஏபிஐ 30-லிருந்து கிடைக்கிறது. டெஸ்ட்டுக்குத் தேவையில்லாத ஆப்களும் பின்னணி சர்வீஸ்களும் அதில் இருக்காது. முதல் ரன்னில் இமேஜ் இறங்கி ஸ்னாப்ஷாட் உருவாகும், அதனால் மெதுவாகத்தான் இருக்கும்.

லினக்ஸ் ரன்னரில் (சிஐ பில்ட் ஓடும் மெஷின்) கேவிஎம் (எமுலேட்டரை வேகமாக ஓட்டும் லினக்ஸ் வசதி) இருக்கிறதா, பில்ட் யூசருக்கு அதில் அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் எமுலேட்டர் ஊர்ந்து டைம்அவுட்டில் சாகும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் ஜிபியு மோடை ஸ்விஃப்ட்ஷேடர் இன்டைரக்ட் என்று கொடுக்க வேண்டும்.

ஷார்டிங்கும் (டெஸ்ட்டுகளைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டுவது) உண்டு, ஆனால் ஒவ்வொரு ஷார்டுக்கும் தனி எமுலேட்டர் எழும்பும். கோர் குறைவான ரன்னரில் 2-ஐ 4 ஆக்கினால் மொத்த நேரம் கூடத்தான் செய்யும். ஏடிடி இமேஜில் ஹார்டுவேர் ரெண்டரிங் இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால், ஸ்க்ரீன்ஷாட் ஒப்பிடும் டெஸ்ட்டுகளை மட்டும் சாதாரண ஏஓஎஸ்பி இமேஜ் உள்ள தனி டிவைஸில் ஓட்டுங்கள்.